கலாவுக்கு ஒரு நன்னடத்தைக் கடிதம்

ஈப்போ,
செப்டம்பர் 7

அன்பு மகன் பவித்ரனுக்கு,

சிங்கப்பூரில் நீயும் உன் வேலையும் நலமாயிருக்க வேண்டி அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்கால் வலியும் என் தொப்பையும் அப்படியே இருக்கின்றன. போனில் கூப்பிட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் கலாதேவி விஷயம். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டிலிருந்த செல்லாயி அத்தை மகள். காம்பாரில் வக்கீல் பயிற்சியை முடித்துவிட்டாள். அவளை வக்கீலாக ஏற்றுக்கொள்ள, நல்ல நடத்தை உள்ளவள் என்று இரண்டு பேர் எழுதித் தர வேண்டுமாம். அதில் ஒருவன் நான்.

அவள் கேட்டது என் கையெழுத்து மட்டும். போட்டுக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கலாம். ஆனால் நான் கோவில் செயலாளர் ஆயிற்றே! கோவில் பெயர் போட்ட தாளில் எழுதி, முத்திரைச் சாப்பு குத்தினால் நீதிபதியே எழுந்து நிற்பார் என்று நினைத்தேன். சாப்பு குத்தக் கமிட்டியின் சம்மதம் வேண்டும். ஆக, ஒரு பெண்ணின் நடத்தையை ஒன்பது பேர் வாயில் போட்டுக்கொடுத்த பெருமை எனக்கே.

கமிட்டியில் முதலில் வாயைத் திறந்தது மாரியம்மா. "எப்படிலா சரின்னு எழுதுறது? ஜூன் மாசம் காம்பார் கோர்ட்டு வாசல்ல ஒரு பையன் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அவன் ஜாக்கெட்டால மூஞ்சிய மூடிக்கிட்டான்" என்றாள். ராஜு உடனே, லூமுட் படகுத்துறையிலும் பார்த்ததாகச் சொன்னான். ராஜு லூமுட் போயே பத்து வருஷம் இருக்கும். முடிவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது, பொய் சொல்லவில்லை. அந்தப் பையன் கல்யாணமானவனோ, கஞ்சா கேஸோ என்று நானே இரண்டு நாள் துப்பறிந்தேன். மாரியம்மாவுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து மறுபடி விசாரித்தேன். ஜாக்கெட் நீலமாம். முழங்கையில் கிழிந்து, சிவப்பு நூலில் யாரோ கண் தெரியாதவன் தைத்தது போல் இருந்ததாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் கண் தெரியாத தையல்காரன் நான்தான். அம்மா ஊரில் இல்லாதபோது உனக்குத் தைத்துக் கொடுத்தேனே.

ரொட்டியை வைத்துவிட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன். நண்பன் வீட்டில் இரண்டு நாள் தங்கியதாக நீ சொன்னது ஜூனில். மறு வாரமே சிங்கப்பூரில் வேலை என்று கிளம்பினாய். அதன் பிறகு போனில் நலம் கேட்கிறாயோ இல்லையோ, தபால் ஏதாவது வந்ததா என்று கேட்கத் தவறுவதில்லை.

கலாவிடம் போனேன். அந்தப் பையன் யார் என்று கேட்டேன். "அத நான் சொல்லக் கூடாது மாமா. அவுங்களே சொன்னாத்தான் மரியாதை" என்றாள். சொல்லாவிட்டால் உன் கடிதம் போய்விடுமே என்றேன். போனால் போகட்டும் என்றாள். வாசல் வரை வந்துவிட்டு, மெதுவாக, "பவித்ரனுக்கு இருபத்தோராம் தேதி லீவு கிடைக்குமா மாமா?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் மறைக்க ஏதுமில்லை. குடித்துவிட்டுக் காரோட்டி நீ பிடிபட்டதையும், வீட்டுக்குச் சொல்லாதே என்று அழுததையும், அவள் ஜாமீன் நின்றதையும் நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் மைக் பிடித்து, குடி குடியைக் கெடுக்கும் என்று முழங்குகிறவனின் மகன் அல்லவா நீ. ஊர் சிரிக்க இது போதும், சிரிக்கட்டும்.

ஞாயிறன்று கமிட்டியில் அது என் மகன்தான் என்று சொல்லப் போகிறேன். செயலாளர் பதவி போனால் தூக்கமாவது மிஞ்சும். அத்தோடு கலாவைப் பற்றிய ஊர் வாய் அடங்கும். ஆனால் கோர்ட்டின் வாயை நான் அடைக்க முடியாது. இருபத்தோராம் தேதி உன் வழக்குக்கு நீ வந்து நிற்காவிட்டால், உனக்காகக் கையெழுத்துப் போட்டவளைத்தான் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். பிறகு எந்தச் சாப்பும் அவளை வக்கீலாக்காது.

அம்மாவிடம் வழக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. இருபதாம் தேதி நீ வருகிறாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் உன் அறைக்குப் புது மெத்தை உறை போட்டுவிட்டாள். உன்னைப் பெற்றவளிடம் என்னைப் பொய்யனாக்கிவிடாதே, அய்யா.

முருகன் துணையிருப்பான். நீ பஸ் ஏறு.

உன் அப்பா,
சுகுமாரன்