உடனே திரும்பிய கண்கள்

நிலா, நிலையம் ஒன்று. ஆக்சிஜன் பொறுப்பு: தொபியாஸ்.

நாள் 211, 07:40
டேங்க் அழுத்தம் சரி. இரண்டாம் நிலையத்துக்குப் போகிற குழாய் சரி. நான்தான் சரியில்லை. மனைவிக்கு "செல்லம், முட்டிவலி எப்படி இருக்கு" என்று அடித்தேன். மவுஸ் அம்பு பொது அறிவிப்பு விண்டோவில் நின்றிருக்கிறது, அடித்ததெல்லாம் அங்கே விழுந்துவிட்டது. பூமி வரைக்கும் படித்துவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இரண்டாம் நிலையத்தில் தனியாக இருக்கும் கோமதிநாயகம் ரேடியோவில் வந்தான்: "செல்லம் நல்லா இருக்கேன் அண்ணாச்சி. முட்டியிலதான் லேசா வலி."

நாள் 212, 09:15
இதைக் கண்டெடுப்பவருக்கு, ஐ.டி.ஐ. படித்தவனின் விளக்கம். இங்கே புரோகிராம் ஒரு மெஷினில் ஓடும், அதன் விண்டோ வேறொரு மெஷினின் திரையில் திறக்கும். நல்ல ஏற்பாடு. என் மகள் எஸ்தர் தூத்துக்குடியில் ஓட்டும் புரோகிராம் என் திரையில் இரண்டு கண்களாகத் திறந்திருக்கிறது. மவுஸை நகர்த்தினால் கண் திரும்பும், அது அவளுக்கும் தெரியும். "அப்பா முழிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்" என்றாள். சிக்னல் பூமிக்குப் போய் வர இரண்டரை நொடி. "உன்னை மாதிரியே, கூப்பிட்டா லேட்டாத்தான் திரும்புது" என்று எழுதினேன்.

கெடுதலும் உண்டு. ஒரு விண்டோவில் அடிப்பதைப் பக்கத்து விண்டோ ஒட்டுக்கேட்கலாம். எஸ்தருக்கு மட்டும் அனுமதி கொடுக்கத் தெரியாமல் எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறேன்.

நாள் 214, 08:05
பூமி இணைப்பு போய்விட்டது. இணைப்பு போனால் அங்கிருந்து வந்த விண்டோவும் செத்துவிடும். வீட்டு விண்டோ எல்லாம் மறைந்தன. கண்கள் மட்டும் இருக்கின்றன.
மவுஸை நகர்த்தினேன். உடனே திரும்பின.

08:30
எங்கே ஓடுகிறது என்று தேடினேன். நிலையம் இரண்டு.

09:10
"தம்பி, என் திரையில உன் விண்டோ ஏதாவது இருக்கா?"
"உங்க திரையில எனக்கென்ன அண்ணாச்சி வேலை?"
சிரிப்பை அடக்கினான். அடக்கியது கேட்டது.

11:00
வால்வு பாஸ்வேர்டை நேற்று இரண்டு தடவை அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் அடித்தேன். அதை வைத்து முழுக் காற்றையும் அவன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள். டேங்க்கில் இருப்பது இரண்டு பேருக்குப் பத்து நாள். ஒருத்தனுக்கு இருபது. எனக்கே இந்தக் கணக்கு வருகிறது என்றால் அவனுக்கு வராதா?
பாஸ்வேர்டை மாற்றினால் அதையும் அந்தக் கண் பார்க்கும்.

13:20
வெளியே போய்க் குழாயைக் கையாலேயே மூடினேன். அவனிடம் எட்டு மணி நேரக் காற்று இருக்கிறது. பயந்து ஒப்புக்கொள்ளட்டும், திறந்துவிடுவேன்.

17:00
"அண்ணாச்சி, காத்து வரலையே. குழாய்ல ஏதோ பழுது. பாருங்க."
"என் திரையில என்னல பண்ற?"
"ஓ, கண்டுபிடிச்சிட்டீங்களா! அது நாளைக்கு அண்ணாச்சி. முதல்ல குழாயைப் பாருங்க."
நாளைக்காம். நாளைக்கு என்ன செய்வதாக இருக்கிறான்?
ரேடியோவை அணைத்தேன்.

நாள் 215, 10:25
பூமி இணைப்பு வந்தது. முதல் சேதி எஸ்தர்:
"அப்பா, ஹாப்பி பர்த்டே! கண்ணு இனிமே லேட்டாத் திரும்பாது. கோமதி மாமா மெஷின்ல ஓட வச்சிருக்கோம். லைன் போனாலும் கண்ணு உங்ககூடவே இருக்கும். இன்னைக்கு வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு மாமாகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."
விண்டோவைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. யார் வீட்டில் ஓடுகிறது என்று தெரிகிறது. யார் அனுப்பியது என்று

10:50
குழாயைத் திறந்துவிட்டேன். ரேடியோ போட்டேன். கூப்பிட்டேன். கூப்பிட்டேன். இரைச்சல்.

12:05
"மாமாவுக்கு தேங்க்ஸ் சொன்னீங்களா அப்பா?"
"சொல்லிட்டேன் பாப்பா" என்று அடித்தேன்.
அவன் மெஷின் இன்னும் ஓடுகிறது. மவுஸைத் தொடும் போதெல்லாம் கண்கள் உடனே திரும்புகின்றன.

12:40
ரேடியோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அதில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.
குழாயில் பழுது இல்லை, தம்பி. நான்தான் மூடினேன்.