இடது கைப் பக்கம்

18.11.2013, திங்கள்

மழை விடவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்குத் தாள்களில் பாதி திருத்தியாகிவிட்டது. மீதியில் மனம் போகவில்லை. காலையில் நடந்ததே திரும்பத் திரும்ப வருகிறது.

மாமா விழுப்புரத்தில் பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தவர். ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது திண்டிவனத்துக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். கால் ஓரளவு தேறிவிட்டது, தடி ஊன்றி நடக்கிறார். கை தேறவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பாத்ரூமில் அவருக்காகவே வெஸ்டர்ன் வைத்தோம். இடது பக்கச் சுவரில் கம்பி அடித்தோம். கம்பியைப் பிடித்து உட்கார்கிறார், எழுகிறார். கழுவுவதுதான் முடியவில்லை. கழுவுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை கம்பியை விட்டால் உடம்பு வலது பக்கம் சாய்ந்துவிடுகிறது.

விடியற்காலை வேலைக்கு ரயில் பிடிக்கக் கிளம்புமுன் அருண் தன் அப்பாவைக் கழுவிவிடுவார். பகலில் என்றால் நான்தான். அப்போதெல்லாம் மாமா முன்கூட்டியே துண்டைத் தலைமேல் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு உட்காருவார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே செய்வேன். இரண்டு பேரும் பேசுவதில்லை.

இன்று பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார். போன வாரமே இரண்டு நாள் தாமதமாகப் போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேச்சு வாங்கியிருந்தேன்.

"காலையில அவர் இருக்கும்போதே முடிச்சிக்கக் கூடாதா மாமா? தெனம் எனக்கு லேட்டாவுது."

எடுத்த தடியைத் திரும்பச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "வரலம்மா. சும்மா தோணுச்சி. நீ கெளம்பு," என்றார்.

வருகிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

22.11.2013, வெள்ளி

தட்டில் ஒரு இட்லியை அப்படியே வைத்துவிட்டார். பசி இல்லையாம்.

1.12.2013, ஞாயிறு

கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மாமா வரவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்தே வருவதில்லை. பூசை நடுவில் அவசரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

சாப்பாடு நாளுக்கு நாள் குறைகிறது. காலையில் அரை டம்ளர் காபி. மத்தியானத்துக்கு வைத்துவிட்டுப் போகிற சோற்றில் நாலு வாய். தண்ணீர்ச் செம்பு தளும்பத் தளும்ப அப்படியே இருக்கிறது. கேட்டால், "ஒக்காந்துக்கினே கீற ஒடம்பு, இது போதும்மா," என்கிறார்.

போன வாரம் முழுக்க ஒரு நாள்கூட நான் அவருக்காகப் பாத்ரூமுக்குள் போக வேண்டி வரவில்லை.

நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது — கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் இருந்தேனா, தெரிந்தே கேட்காமல் இருந்தேனா?

6.12.2013, வெள்ளி

பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் பள்ளிக்குப் போன் செய்தார். "ராணி, ஒங்க மாமனார் கட்டிலுக்குக் கீழ வுழுந்து கெடக்கறாரு, கூப்ட்டா பேச்சில்ல, ஜல்தி வா."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உதடு வெடித்திருந்தது. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் திணறினாள். உடம்பில் தண்ணீரே இல்லையாம், குடல் இறுகிக் கல்லாகிக் கிடக்கிறதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். அதற்குள் அருணும் வேலையிலிருந்து வந்துவிட்டார்.

"வீட்ல சாப்பாடு எப்படிக் குடுக்கறீங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்ளோ சொன்னாலும் சாப்பிட மாட்டேங்கறாரு டாக்டர்."

என் வாய்தான் சொன்னது. யோசிக்கக்கூட இல்லை. மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அருணுக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டினார். "ஏம்ப்பா, சின்னப் புள்ளையா நீ? எங்கள பேஜாரு பண்ணணும்னே பண்ணிக்கினு கீறியா?"

மாமா சொன்னது இவ்வளவுதான்: "பசிக்கலடா. மருமவள ஒண்ணும் சொல்லாத."

அருண் என்னை ஒன்றும் சொல்லவே இல்லையே. மாமா ஏன் அப்படிச் சொன்னார்?

எனக்குத் தெரியும்.

8.12.2013, ஞாயிறு

பகல் முழுக்க வார்டில் நான்தான். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினேன். வாயை மூடிக்கொண்டார். "குடிங்க மாமா, இங்க ஆயா இருக்காங்க, பெட்பேன் வெப்பாங்க," என்றேன். அதற்குப் பிறகுதான் குடித்தார்.

குடித்து முடித்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசம் வண்டி ஓட்னவன்மா நானு. பஸ்ஸு நெறைய ஜனத்த வெச்சிக்கினு நடுவுல நிறுத்த முடியுமா? அடக்கிப் பழக்கம் எனக்கு. நீ மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்! நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

11.12.2013, புதன்

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பகலுக்கு ஆள் வைக்கலாம் என்றார் அருண். "வெளி ஆளா? வேணாண்டா," என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கைதான் எழுந்தது.

யாருடைய கையும் படாமல் அவரே கழுவிக்கொள்ள ஏதாவது வழி இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீர் பீய்ச்சுகிற டாய்லெட்டுகள் இருப்பதாக வார்டு நர்ஸ் சொன்னாள்.

14.12.2013, சனி

பள்ளி அரை நாள். மத்தியானம் விழுப்புரம் போய்க் கடை கடையாகக் கேட்டேன். எல்லாரும் முதலில் காட்டுவது கையில் பிடித்து அடிக்கிற குழாயைத்தான். கம்பியைப் பிடித்திருக்கிற கையால் அதை எப்படிப் பிடிப்பது?

ஒரு பெரிய கடையில் கரண்டில் ஓடுவது இருந்தது. சீட்டே சூடாக இருக்குமாம், வெந்நீர் பீய்ச்சுமாம், காற்றடித்து ஈரத்தைக் காய வைக்குமாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பாத்ரூமில் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அதிலேயேதான் குளியல். குளிக்கிற தண்ணீர் கரண்ட் சாமான் மேல் தெறித்தால்?

"அப்ப இது எடுத்துக்கங்க, கரண்டே வேணாம்," என்று கடைக்காரர் இன்னொன்றைக் காட்டினார். சீட்டுக்கு அடியில் மாட்டுவது. பிடியைத் திருப்பினால் தண்ணீர் வரும். கையோடு வாங்கி வந்துவிட்டேன்.

17.12.2013, செவ்வாய்

பிளம்பர் கண்ணையன் நேற்று மாட்டிவிட்டுப் போனார். இன்று விடியற்காலை மாமா முதல்முறை உட்கார்ந்தார். அருண் உள்ளே, நான் கதவுக்கு வெளியே.

பிடி வலது பக்கம் இருக்கிறது. மாமாவின் செத்த கைப் பக்கம். வாங்கும்போது அதைக்கூட நான் பார்க்கவில்லை.

அருண்தான் திருப்பினார். மார்கழிக் குளிரில் ராத்திரியெல்லாம் மாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர். மாமா அலறிய அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். அதிர்ச்சியில் கம்பியை விட்டுவிட்டார். அருண் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் தலை சுவரில் மோதியிருக்கும்.

"என்ன வுட்டுடுங்கடா," என்று அழுதார். அவர் அழுது இதுவரை நான் கேட்டதில்லை. அத்தை இறந்தபோதுகூட.

அருண் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். "எதையும் பாக்காம இன்னாத்துக்கு இதப்போய் வாங்கின?"

இன்னாத்துக்கு வாங்கினேன்? அவர் படுகிற கஷ்டம் தீரவா, என் கை இந்த வேலையிலிருந்து விடுபடவா? ஜல்தியாகத் தீர்ந்தால் போதும் என்றுதானே கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

காலையில் மாமா காபி வேண்டாம் என்றுவிட்டார். பயமாக இருக்கிறது.

18.12.2013, புதன்

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். மாமா தூங்கும்போது பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். துப்பட்டாவால் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினேன். கட்டுவதற்கே பல்லும் தேவைப்பட்டது. வலது காலில் பாரம் கொடுக்காமல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தேன்.

சுவர் சில்லென்று இருந்தது. படிக்குக் கீழே இருப்பதால் வெயிலே படாத இடம். மேலே ஜன்னல் சந்தில் ஊதல் காற்று நேராக முதுகில் அடித்தது. உள்பக்கம் திறக்கிற கதவு முழங்காலில் இடித்தது. இத்தனை வருடமாக இந்தப் பாத்ரூமில் நானும் குளிக்கிறேன். இது எதுவும் எனக்குத் தெரியாது.

கம்பியை விட்டுப் பார்த்தேன். இரண்டு காலும் நன்றாக இருக்கிற எனக்கே உடம்பு ஆடியது. அந்தக் கை கம்பியை விடவே கூடாது. பிடித்தபடியே கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் தண்ணீர் திறக்கிற திருகு இருக்க வேண்டும். வெந்நீர் வேண்டும். கதவு வெளியே திறக்க வேண்டும்.

கட்டை அவிழ்க்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

21.12.2013, சனி

அருணும் நானும் புதுச்சேரி போனோம். இந்த முறை ஒவ்வொன்றையும் சீட்டில் மாட்டி உட்கார்ந்தே பார்த்தேன். கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கடைசியில் கிடைத்தது. கமோடின் விளிம்பில் மாட்டுகிற சின்ன மூக்குக் குழாய் ஒன்று. அதற்குத் திருகு தனி. சுவரில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாமாம். மேலே தள்ளினால் தண்ணீர், கீழே தள்ளினால் நிற்கும். ஒரு விரல் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படிதான். அங்கே ஒரு சின்ன கீசர் வைத்தால் வெதுவெதுப்பாக வரும்.

பஸ்ஸில் அருண் என் தோளில் சாய்ந்து தூங்கினார். பாவம், உடம்பு அவருக்கும் ஓய்ந்துபோயிருக்கிறது. அன்றைக்கு மாமாவிடம் சொன்னதை இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எழுப்பவில்லை.

23.12.2013, திங்கள்

கோயிலில் கிறிஸ்துமஸ் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. நின்றேன். என் முறை வருமுன் திரும்பி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னால் மன்னிப்பு கிடைத்துவிடும். டாக்டர் முன்னால் நான் சொன்ன பொய்க்காகத் திட்டு வாங்கியவர் வீட்டில் படுத்திருக்கிறாரே.

24.12.2013, செவ்வாய்

கண்ணையன் வந்தார். திருகைப் பின்சுவரில் வைத்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். நான் உட்கார்ந்து காட்டி, கம்பிக்கு நேர் கீழே சாக்பீஸால் கோடு போட்டேன். "பைப்பு குறுக்கால ஓடும், நல்லா இருக்காதுக்கா," என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். குறுக்கேதான் ஓடுகிறது. பார்க்க நன்றாக இல்லைதான். கதவையும் ஆசாரி வெளியே திறக்கிற மாதிரி மாட்டிவிட்டார். அடுப்படியில் கீசரும் மாட்டி, ஜன்னல் சந்தையும் அடைத்தாயிற்று.

மாமா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

25.12.2013, கிறிஸ்துமஸ்

ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்த மாமா இன்று தானாகவே எழுந்து போனார். அருண் கூடப் போகப் பார்த்தார். "நீ இரு," என்றார். உள்ளே தாழ் போடுகிற சத்தம். நானும் அருணும் வெளியே நின்றோம். தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். துண்டு தோளில் இருந்தது.

பலகாரத் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, அன்னிக்கு நான் ஸ்கூலுக்குக் கெளம்பும்போது—"

"தண்ணி சூடு பதமா கீதும்மா," என்றார். அதிரசம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

12.1.2014, ஞாயிறு

அருணிடம் சொல்லிவிட்டேன். நான் பேசிய பேச்சு, அவர் சாப்பாட்டைக் குறைத்தபோது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது, டாக்டரிடம் சொன்னது — எல்லாம்.

அருண் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ட்ரெயின் போயிடும், ஜல்தி ஜல்தின்னு தெனம் நானும்தான் அவர அதட்டிக்கினு இருந்தேன். அத வுடு. ஆனா அத்தன பேர் எதிர்ல அவர என்னாண்ட திட்டு வாங்க வெச்சிட்டியே ராணி."

எழுந்து போய் மாமாவின் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருண் அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

15.1.2014, புதன்

அருண் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

5.3.2014, திருநீற்றுப் புதன்

காலைப் பூசைக்கு மாமா எங்களோடு வந்தார். அருண் ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசியபோது தலையை நன்றாக நிமிர்த்திக் காட்டினார்.

திரும்பி வந்ததும், "இன்னிக்கு ஒருசந்திதான?" என்று கேட்டார். நாங்கள் இந்த நாளில் ஒரு வேளைதான் சாப்பிடுவோம். மாமா இத்தனை வருடமும் விட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அந்தத் தளும்பிய தண்ணீர்ச் செம்பு ஞாபகம் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அறுபது தாண்டனவனுக்கு ஒருசந்தி இல்லன்னு சாமியாரே சொல்லிட்டாரும்மா," என்றார். "எனக்குப் பசிக்குது. சோத்தப் போடு."

போட்டேன். குழம்பு ஊற்றிப் பிசைந்து இடது கையால் நிதானமாகச் சாப்பிட்டார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். முடித்துவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."