அம்மாவின் பெரட்டு எண்

நோர்வூட்
2024 மார்ச் 3

தனுஜாவுக்கு,

பேசாமல் இருந்தது போதும். உன் எண்ணை என் போனில் தடுத்துவைத்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஆகவே கடிதம்.

என் மகள் ஜெயந்தினி உன்னை நம்பி ஒரு படம் அனுப்பினாள். அவளும் அழகன் என்கிற அந்தப் பையனும் ஹட்டன் பஸ் நிலையத்தில் கைகோத்து நின்ற படம். "ஒங்களுக்கு மட்டுந்தான் அத்தை" என்று எழுதியிருந்தாள். நீயோ போனைக் கடையில் சார்ஜ் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாய். பூட்டு எண் என்ன? நம் அம்மாவுக்குத் தோட்டத்து ஆள் பதிவேட்டில் இருந்த செக்ரோல் எண். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கணக்கப்பிள்ளை காலமெல்லாம் கத்திக் கூப்பிட்ட எண். தோட்டத்தில் அது யாருக்குத் தெரியாது? எவனோ திறந்தான். மாலைக்குள் படம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில். மாற்று மாற்று என்று எத்தனை முறை சொன்னேன்! இந்த வாத்தியாரின் பேச்சு உங்களுக்கெல்லாம் கேலி.

அதோடு வீட்டை விட்டுப் போனவள்தான். உயிரோடு இருக்கிறாளா? தெரிந்தால் எழுது.

சுதாகரன்

*

நானுஓயா
மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அந்த எண் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். அம்மா போனபிறகு, போனைத் திறக்கும்போதெல்லாம் அவங்களைக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. மாற்ற மனசு வரவில்லை. தோட்டத்தை விட்டு இங்கே நானுஓயாவுக்கு வந்தபிறகுதான் மாற்றினேன்.

ஆனா அண்ணே, படம் பரவின அன்னைக்குப் புள்ள உங்ககிட்டதான் ஓடி வந்தா. நீங்க அவ போனைப் பிடுங்கி, லயத்து வீடுகள்ல இருந்த சனத்துக்கு முன்னாடி அதுல இருந்த ஒவ்வொரு மெசேஜையும் சத்தமா வாசிச்சீங்க. களவாணி பார்த்தது ஒரு படத்தை மட்டுந்தான்.

நல்லா இருக்கா. கொழும்பில் தையல் வேலை. அழகனைத்தான் கட்டுகிறாள், பங்குனி உத்திரத்தன்று, டிக்கோயாக் கோயிலில். "அப்பா வந்து தாலியத் தொட்டுக் குடுத்தா போதும் அத்தை, பழசு ஒன்னும் பேச மாட்டேன்" என்றாள். வாங்கண்ணே.

அன்புத் தங்கை,
தனுஜா

*

நோர்வூட்
மார்ச் 18

தனுஜா,

நான் வரவில்லை. திறந்தவன் திருடன், வாசித்தவன் தகப்பன். இரண்டும் ஒன்று என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறது. அதை மறக்கமாட்டேன்.

அவளிடம் சொல். பிறந்த நாளையோ கல்யாணத் தேதியையோ பூட்டு எண்ணாக வைக்க வேண்டாம். பஸ்ஸில் கையால் மறைத்துக்கொண்டு திறக்கட்டும். போனுக்கு வரும் இரகசிய எண்ணை எவன் எந்த அலுவலகத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அப்பாவுக்குச் சுகமில்லை, உடனே வா என்று என் பெயரில் செய்தி வந்தால் நம்ப வேண்டாம். நான் அனுப்பியிருக்க மாட்டேன். போனைக் கையை விட்டு விடக் கூடாது. யார் பிடுங்கினாலும்.

கீழே அண்ணன் என்று எழுதினால் என் கோபம் தீர்ந்தது என்று நினைப்பாய். அப்பா என்று எழுதினால், தாலி கட்டுகிற நேரத்திலும் அவள் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.