கடுகளவு பச்சை

என் உயிருக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மழையில் அழைத்துப் போய்விட்டேனே என்று அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ச்சல் இல்லை.

ஆய்வகத்தில் உன் மேசையை வேறொருவருக்குத் தரப்போகிறார்களாம். உன் ஜூனியர் ஷரோன்தான் கூப்பிட்டாள். "அக்கா, அண்ணன் செஞ்ச சிப்புல இது ஒண்ணுதான் மிச்சம். ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."

குவெம்பு நகர் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனோம். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி, தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கான் தடத்துக்குள் நுழைந்து, நீ பூசிய தங்கத்தின் நெருக்கத்தில் பச்சையாக மாறும் என்பாயே! நான் பாதி கேட்கும்போதே தூங்கிவிடுவேன். இன்று அது கேமராத் திரையில் கடுகளவு தெரிந்தது. நீ போன பிறகும் வருகிறது.

"அப்பா பண்ணது, பாரு," என்றேன்.

"அப்பா!" என்று பாப்பா திரையில் விரல் வைத்தாள். பிறகு கிரெஷ்ஷில் பழகிய கன்னடத்தில், "இன்னும் பேக்கு," என்று அடம். இன்னும் வேண்டுமாம்.

ஷரோன் தயங்கினாள். "பவர் ஏத்தினா பளிச்சுனு தெரியும்க்கா. ஆனா தங்கம் தாங்காது, கருகிடும்."

வேண்டாம் என்றுதான் வாயெடுத்தேன். பாப்பா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏத்து," என்றேன்.

ஒரு கணம் திரையே பச்சையானது. அப்புறம் ஒன்றுமில்லை.

பாப்பா அழவில்லை. இருண்ட திரைக்குக் கையசைத்து, "டாட்டா அப்பா," என்றாள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடும் முன் அத்தை அவ்வளவு கெஞ்சியும் நான் உனக்குச் சொல்லாதது அது. இப்போதும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பாப்பாவின் அம்மா