திங்கட்கிழமைக் கூட்டமும் ரிப்பன் பிரபுவும்

மியூனிக்,
வெள்ளிக்கிழமை.

நகராட்சியின் பதினான்காம் வார்டு உறுப்பினர் ரோஹிணி அவர்களுக்கு, அவருடைய வீட்டுக்காரன் ராகவ் மரியாதையோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராஜினாமா செய்துவிட்டு என்னிடமே வந்துவிடுவதாக நேற்று சொன்னாய். நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன். பேசினால் வா என்றுதான் வாயில் வரும். அதனால்தான் காகிதம். படம் பிடித்து அனுப்புகிறேன், கையெழுத்தைத் திட்டாமல் படி.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. என் சோறு இன்னும் குழைந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்து அறை விவேக் ஞாயிறுதோறும் புளிக்குழம்பு தருகிறான், கவலைப்படாதே.

போன கூட்டத்தில் உன் மைக்கை நிறுத்தி, புருஷனுக்குச் சமைத்துப் போடப் போ என்று ஒருவர் கத்தியதைச் சொல்லி அழுதாயே, எனக்கு ரத்தம் கொதித்தது. சந்தை இடத்தை வணிக வளாகத்துக்குக் கொடுக்கும் தீர்மானம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது, அதற்கு உன் கட்சியே உன்னைக் கை தூக்கச் சொல்கிறது. உன்னோடு சேர்த்து எதிர்ப்பவர்கள் பதினோரு பேர், அந்தப் பக்கம் பத்து. நீ விலகினால் சமம். சமமானால் தலைவர் முடிவு, அது எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். அந்தக் காய்கறிக்காரப் பெண்கள் கடையை எடுத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

இன்று காலை நூலகத்தில் ஒரு திருட்டு வேலை பார்த்தேன். இரண்டு வருடமாக ரிப்பன் பிரபுவின் அரசியல் வாழ்க்கையைத்தானே ஆராய்கிறேன்? அவர் பதவியை விட்ட இடங்களாகத் தேடினேன். அவரே விட்டார், நீயும் விடலாம் என்று எழுதி உன்னை வரவழைக்கத்தான்.

கிடைக்காமல் இல்லை. இங்கிலாந்துப் பிரதமரின் பிள்ளை, பிரதமர் குடியிருக்கும் டவுனிங் தெரு வீட்டிலேயே பிறந்தவர். கத்தோலிக்கராக மாறியபோது அதை ஒளிக்காமல், தான் தலைமை வகித்த, கத்தோலிக்கருக்குக் கூடாத ரகசியச் சங்கத்தை விட்டு விலகினார். இவர் கதை முடிந்தது என்றார்கள். ஆறே வருடத்தில் வைஸ்ராயாக இந்தியா வந்தார்! எண்பது வயதிலும் மனசாட்சிக்காக மந்திரி பதவியைத் துறந்தார்.

ஆனால் இந்திய நீதிபதிகளும் வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்று மசோதா கொண்டுவந்தபோது, கல்கத்தாவில் அவருடைய சொந்த இனமே தெருவில் கூச்சல் போட்டு அவரை அவமானப்படுத்தியது. அப்போதே கப்பல் ஏறியிருக்கலாம். ஏறவில்லை மனுஷன். கடைசியில் பாதியை விட்டுக்கொடுத்தார், அதற்காக ஒரு வருடம் அவர்மேல் எனக்குக் கோபம். ஆனாலும் மீதியை நிறைவேற்றும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. ஊர் திரும்பும்போது வழியெல்லாம் கூட்டம். ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்றார்கள். நம் ஜனங்கள் லேசில் ஒருவரை அப்பன் என்று சொல்வார்களா?

மனசாட்சிக்காக விட்டிருக்கிறார், கூச்சலுக்காக விடவில்லை. என் திருட்டு பலிக்கவில்லை, ரோஹிணி.

உன்னை நினைத்தால் அவரைவிடப் பெருமையாக இருக்கிறது. அவருக்காவது பின்னால் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. உனக்கு ஒரு பழைய ஸ்கூட்டிதான்.

வீசா நேர்காணலும் இதே திங்கட்கிழமை பத்து மணிக்கு என்று நீ என்னிடம் சொல்லவில்லை. என் மெயிலுக்கு வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தானாம்.

தள்ளிப்போடு. ஐந்து மாதம் எப்படியோ இருந்துவிடுவேன். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போ. மைக்கை நிறுத்தினால் எழுந்து நின்று பேசு. உன் குரல் கணீரென்று ஒலிக்கட்டும்.

உன்னை நினைத்தபடியே,
ராகவ்