அப்பாவின் பதினேழு பாகை

1975 ஏப்ரல் 9, புதன்

இன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. தேங்காயெண்ணெய் வெள்ளைக் கல்லாகிவிட்டது. அம்மா கரண்டிக் காம்பால் குத்திக் கிளறி எடுத்து என் உச்சியில் அப்பினார். அது உருகி முடியப் பாடசாலையில் இரண்டாம் பாடம் ஆகிவிட்டது.

அம்மா அதே போத்தலை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இஞ்சை பாருங்கோ. எண்ணெய்க்கே இந்தக் கெதி. அந்த ஹீட்டரைப் போடுங்கோ."

அப்பா பேப்பரை இறக்கவில்லை. "தேங்காயெண்ணெய் இருபத்துநாலு பாகையிலேயே உறையும். அது சாட்சி இல்லை. பூமியின்ரை இந்தத் தென்பக்கத்திலை குளிர்காலம் ஜூன் முதலாம் திகதிதான் துவங்கும். இப்ப இலையுதிர்காலம்."

"இலை உதிருது. நான் உதறுறன்."

இருபத்துநாலு சரிதானா என்று பாடசாலை நூலகத்தில் தேடிப் பார்த்தேன். சரி. இப்படியான விஷயங்களில் அப்பா பிழை விடமாட்டார். அவர் மின்சார என்ஜினியர்.

ஹீட்டர் எங்கள் மல்கிரேவ் வீட்டின் முன்னறையில், சுவரோடு இருக்கிறது. காஸில் எரிவது. நவம்பரில் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய நாள்முதல் அதன்மேல் பிள்ளையார் படமும் என் அகராதியும் இருக்கின்றன. அதற்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை புதுவருஷம். தோசை வேண்டும். மூன்று முறை அரைத்தும் மா புளிக்கவில்லை. அதனால் அம்மா நேற்று மாச் சட்டியைக் கம்பளியால் சுற்றி, பக்கத்தில் ஒரு சுடுதண்ணீர்ப் பையையும் வைத்து, தங்கள் கட்டிலின் கால்மாட்டில் படுக்க வைத்திருக்கிறார். அப்பாவிடம் சொல்லவில்லை.

விடியற்காலையில் அப்பாவின் குரல்: "இஞ்சேரும்! ஆரோ என்ரை காலைப் பிடிக்கினம்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். அப்பாவின் வலது கால் கணுக்கால்வரை சட்டிக்குள் இருந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "பொங்கியிருக்கோ?"

அப்பா காலை எடுத்து, நன்றாகப் பார்த்துவிட்டு, உண்மையைச் சொன்னார். "இல்லை."

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருஷம். தோசைக்குப் பதில் கடைப் பாணும் சம்பலும்.

சிங்கப்பூர் மாமாவின் கடிதம் வந்தது. அவர் அம்மாவின் அண்ணை. "வந்து நாலு மாதம் இருந்துவிட்டுப் போ. இங்கே நாங்கள் இரவு முழுக்க ஃபான் போட்டுத்தான் படுக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். அம்மா அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார், இரண்டாம் தரம் அப்பாவுக்குக் கேட்கும்படி.

பிறகு சத்தம் போடாமல் சொன்னார்: "மே முடியமுன்னம் இந்த வீட்டிலை சூடு வராட்டி நான் அண்ணையிட்டைப் போறன். செப்டெம்பரிலை வாறன்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கினார். தூசு துடைத்தார்.

அப்படியென்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் — எனக்குச் சோறும் முட்டையும் மட்டும்தான் சமைக்கத் தெரியும். அதுவா இப்போது கவலை? இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

ஒப்பந்தம் ஆகிவிட்டது! அப்பா சொன்னார்: "குளிர், சூடு எண்டு வாயாலை சண்டை பிடிக்கக் கூடாது. அளந்து பாப்பம்."

ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு வெப்பமானியைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் பதினைந்து பாகைக்குக் கீழே இருந்தால், எந்த மாதமானாலும் ஹீட்டர் எரியும். பார்த்து எழுதும் பொறுப்பு எனக்கு! அப்பா அடிமட்டம் வைத்து அட்டவணை கீறித் தந்தார். வெப்பமானியை நடைவழிச் சுவரில் மாட்டினார். வெயில் படாது, காற்றுப் படாது, குசினிக் கரண்ட் அடுப்புக்கும் தூரம். "இதுதான் விஞ்ஞான முறை" என்றார்.

அம்மாவும் ஒப்புக்கொண்டார். "பிள்ளை பொய் எழுதாது" என்றார். நான் பென்சிலைச் சீவி வைத்தேன்.

ஏப்ரல் 17

17 பாகை.

ஏப்ரல் 18

17.

ஏப்ரல் 22, செவ்வாய்

17. அம்மா ஓவர்கோட்டோடு வெங்காயம் நறுக்குகிறார். "வடிவாய்ப் பார். கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பார்" என்றார். துடைத்துவிட்டுப் பார்த்தேன். பதினேழரை.

அம்மா வெங்காயத்தை இன்னும் வேகமாக நறுக்கினார்.

ஏப்ரல் 24, வியாழன்

அம்மா என் கட்டிலில் வந்து இருந்து, மெதுவாகக் கேட்டார்: "யோகா, பதினாலு எண்டு எழுதன். உனக்கென்ன குறையப் போகுது?"

"அது பொய்யம்மா."

"குளிருறது பொய்யோ?"

குளிருவது பொய்யில்லை. எனக்கும்தான் குளிருது. கை விறைச்சு இந்த எழுத்தெல்லாம் கோணலாய்ப் போகுது. ஆனால் பதினேழு எண்டால் பதினேழுதானே? நான் என்ன செய்ய?

17 என்று எழுதினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடுமுறை. அம்மா மாச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே மிஸஸ் டொனலி தனியாக இருக்கிறார். வயதானவர், முழங்கால் வருத்தம். மார்ச்சிலிருந்தே அவர் வீட்டில் ஹீட்டர் எரிகிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் அளவாகத்தான் வரும். சட்டியைக் காட்டி, "திஸ் இஸ் ஆல்சோ கோல்ட்" என்றாராம். மிஸஸ் டொனலி இரண்டு பேரையும் உள்ளே எடுத்துக்கொண்டார்.

மாலையில் அம்மா திரும்பி வந்தபோது கன்னம் சிவந்திருந்தது. மா சட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அப்பா ஏழு தோசை சாப்பிட்டார். "பாத்தீரே, மா பொங்கிற அளவுக்குச் சூடு இருக்கு" என்றார்.

"அது மிஸஸ் டொனலியின்ரை சூடு" என்றார் அம்மா.

வெப்பமானி: 17.

மே 2, வெள்ளி

அம்மா இப்போது தினமும் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகிறார், எட்டு மணிக்கு வருகிறார். சமையலை முடித்து மூடி வைத்துவிட்டுப் போவதால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. பின்னலும் பழகுகிறார்.

நானும் அப்பாவும் முன்னறையில் ஓவர்கோட்டோடு இருக்கிறோம். கைகளில் காலுறை. அப்பா குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புகிறார். பேனை இரண்டு தரம் வழுக்கி விழுந்தது. பிறகு "எழும்பு பிள்ளை, இரத்தம் ஓட வேணும்" என்றார். இரண்டு பேரும் நடைவழியில் லெஃப்ட் ரைட் போட்டோம். எட்டுத் தரம் போய் எட்டுத் தரம் வந்தோம். அம்மா கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மே 6, செவ்வாய்

ஐயோ.

நடைவழியில் நின்று புத்தகம் வாசித்தபடி சுவரில் சாய்ந்தேன். முதுகுக்கு இதமாக இருந்தது. ஏன் இதமாக இருக்க வேண்டும்? கையை வைத்துப் பார்த்தேன். சுவர் சூடு. சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் இருக்கும் சின்ன அலுமாரியைத் திறந்தேன். குளியலறைக்குச் சுடுதண்ணீர் வரும் தொட்டி, வெப்பமானி மாட்டியிருக்கும் இடத்துக்கு நேர் பின்னால்!

பத்தொன்பது நாளாய் நான் அளந்தது வீட்டையில்லை. தண்ணித் தொட்டியை.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் தெரிந்தே அங்கே மாட்டினாரா? இல்லை. இல்லைதானே?

மே 7, புதன்

சொன்னேன். அப்பா உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். கன்னத்தை எடுக்கக் கொஞ்ச நேரமானது.

"பிள்ளை, இது என்ரை பிழை" என்றார்.

இந்தச் சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவர் முகம் வெளிறிவிட்டது. உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. வெப்பமானியைக் கழற்றி முன்னறைக்குக் கொண்டுபோனோம். ஏழு மணிக்கு: 12.

மே 8

11.

மே 9, வெள்ளி

12. மூன்று நாள் ஆகிவிட்டது!

அம்மா இன்று பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. ஹீட்டர்மேல் இருந்த பிள்ளையாரையும் அகராதியையும் எடுத்துவிட்டு, அதன் முன்னால் கதிரை போட்டு, மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தார். படம் பார்க்க வந்தவர் போல.

அப்பா வந்து பார்த்தார். நெற்றியைத் தடவினார். "இண்டைக்குக் காத்து சரியில்லை" என்றார்.

"வீட்டுக்குள்ளை என்ன காத்து?"

"நாளைக்குப் பகல் வெளிச்சத்திலை பாப்பம்."

அம்மா எழுந்து போனார். சண்டை போடவில்லை. அறையில் இரண்டு சேலைகளை மடித்து சூட்கேசுக்குள் வைத்தார். நான் கதவருகில் நின்று பார்த்தேன். "சிங்கப்பூருக்குக் கம்பளிச் சட்டை தேவையில்லை என்ன?" என்று என்னையே கேட்டார்.

அப்பா ஏன் இப்படிச் செய்கிறார்? அவரே போட்ட ஒப்பந்தம். அட்டவணையில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

மே 10, சனி

அம்மா கடைக்குப் போயிருந்தார். முன்னறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா ஹீட்டரின் முன்னால் முழங்காலில் நின்றார். ஒரு கையில் நெருப்புப்பெட்டி. மற்றக் கையை ஹீட்டரின் திருகுக்கு அருகே கொண்டுபோவார், எடுப்பார். ஒரு குச்சி கிழித்தார். அது விரல்வரை எரிந்தது. ஊதினார். இன்னொன்று கிழித்துத் திருகைத் திருப்பினார். உள்ளே "பப்" என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான் — அப்பா பின்னால் பாய்ந்து, நிலத்தில் கிடந்த என் அகராதியின்மேல் இருந்துவிட்டார்.

அப்போதுதான் என்னைக் கண்டார்.

"கரண்ட் எண்டால் எனக்கு முப்பத்துமூவாயிரம் வோல்ட்டுக்கும் பயமில்லை" என்றார், அகராதியில் இருந்தபடியே. "அதின்ரை குணம் தெரியும். இந்தக் காஸ் கண்ணுக்கும் தெரியாது, ஒண்டும் சொல்லாமல் வெடிக்கும். ஊரிலை எங்கடை வீட்டிலை விறகும் மண்ணெண்ணெயும்தானே."

"அப்ப ஜூன் முதலாம் திகதி எண்டது?"

"அதுக்குள்ளை எப்பிடியும் பழகிப் போடலாம் எண்டு நினைச்சன்."

"ஆரையாவது கேட்டிருக்கலாமே அப்பா?"

"ஒரு என்ஜினியர் போய், அடுப்பு மூட்டத் தெரியாது எண்டு கேக்கிறதோ?" பிறகு தாழ்ந்த குரலில், "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் அம்மா மூன்றாவது சேலையை மடித்தார். எனக்கு ஏலாமல் போச்சு. நான் சொல்லக் கூடாது, சரி. ஆனால் அப்பாவைச் சொல்லச் சொல்லக் கூடாது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லையே? கராஜில் போய்ப் பிடித்தேன்.

"அப்பா, அம்மா குளிருக்காகப் போகேல்லை. நீங்கள் வேணுமெண்டு செய்யிறீங்கள் எண்டு நினைச்சுத்தான் போறா."

அப்பா கார்ச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மே 11, ஞாயிறு

தேத்தண்ணீர் குடிக்கும்போது அப்பா கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு அதைப் பத்த வைக்கத் தெரியாது. பயமாயும் கிடக்கு."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து குசினிக்குள் போய் நெருப்புப்பெட்டியோடு வந்தார். ஹீட்டர்முன் இருந்து, திருகை அமத்திப் பிடித்து, குச்சியைக் கிழித்துச் சின்ன ஓட்டையில் நீட்டி, மெதுவாகப் பதினைந்துவரை எண்ணி, கையை எடுத்தார். முதலில் நீலமாக ஒரு சிறு சுவாலை. பிறகு ஒரு திருப்புத் திருப்ப, வரிசை முழுக்கச் செம்மஞ்சளாய் எரிந்தது. எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

அப்பா கதவுக்குப் பின்னால் நின்றார். "உமக்கு எப்பிடி...?"

"மிஸஸ் டொனலிக்கு முழங்கால் மடியாது. ரெண்டு கிழமையாய் அவவின்ரை ஹீட்டரை ஆர் பத்த வைக்கிறது எண்டு நினைச்சீங்கள்?"

"அப்ப இஞ்சை ஏன் பத்த வைக்கேல்லை?"

"நீங்கள் வேண்டாம் எண்டீங்கள். தெரியாது எண்டு சொல்லியிருந்தால் அண்டைக்கே பத்த வைச்சிருப்பன்."

அப்பா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். மூன்று பேரும் ஹீட்டரைச் சுற்றி இருந்தோம். கால் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஏழு மணிக்கு: 21.

மே 13, செவ்வாய்

22. அம்மா சிங்கப்பூருக்குப் பதில் எழுதினார். "இப்போதைக்கு வசதிப்படாது." ஒரே வரி. மிச்சம் மூன்று பக்கமும் பின்னல் பற்றி.

மே 20, செவ்வாய்

24. அப்பா பெனியனோடு இருக்கிறார். யன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார், அம்மா கூடாது என்கிறார். என்னை அட்டவணையோடு வரச் சொன்னார்கள். எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

குளிர்காலம் தொடங்கியது, சட்டப்படி.

மத்தியானம் டெலிபோன் அடித்தது. சிறிதரன் அங்கிள். அப்பாவோடு படித்தவர், போன கிழமைதான் குடும்பத்தோடு பக்கத்து ஊர் கிளேட்டனுக்கு வந்திருக்கிறார். அவர் உரத்துக் கதைப்பதால் எனக்கும் கேட்டது. வீட்டு ஹீட்டர் பழுதாம். வீட்டுச் சொந்தக்காரனுக்கு எழுதப் போகிறாராம். அதுவரை கோட்டோடு சமாளிக்கலாமாம், அப்படியொன்றும் பெரிய குளிர் இல்லையாம்.

அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "சிறி, பழுதோ, இல்லாட்டி உனக்குப் பத்த வைக்கத் தெரியாதோ? உண்மையைச் சொல்லு" என்றார்.

அதோடு அங்கிளின் குரல் எனக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது.

"எனக்கும் தெரியாதடாப்பா. பொறு, இவவைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அம்மா ஏற்கெனவே கோட்டைப் போட்டுவிட்டார். நெருப்புப்பெட்டியைக் கைப்பைக்குள் வைத்து, சோற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அப்பா அவருக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கு நான் கிட்ட நிண்டு பாக்கட்டோ?" என்று கேட்டார்.

"பாருங்கோ" என்றார் அம்மா. "கையை மட்டும் பின்னாலை கட்டிக்கொள்ளுங்கோ."