கண்டாக்கையாவும் ஸ்ட்ரைக்கும்

ஹல்துமுல்லை,
9.6.1968

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் சுந்தரலிங்கம் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். உங்களுக்கு மூச்சிரைப்பு குறைஞ்சிருக்கா?

இங்கே ஒரு சின்ன சங்கதி நடந்தது, பயப்படாதீங்க. வேலைக்குப் போறவங்க குழந்தைகளை விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பரா கூரை ஒழுகி, குழந்தைகள் நனையுதுங்க. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அதைக் கவனிக்கலை. தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெரியாயி அக்கா நான் எழுதுற ஆபீசுக்கு வந்து, "கூரையை மாத்தாத கண்டாக்கையாவை எதிர்த்து நாளைக்கு ஸ்ட்ரைக்குன்னு தொரைக்கு எழுதுங்க தம்பி"ன்னாங்க. அவசரத்துல 'எதிர்த்து'ங்கிற சொல்லை இங்கிலீஷ்ல விட்டுட்டேன். கண்டாக்கையாவை அடிக்கப் போறாங்கன்னு அர்த்தமாயிருச்சு.

தொரை சொல்லி, காலையில ஆளுங்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கே போலீஸ் வந்து அக்காவை ஜீப்புல ஏத்திருச்சு. "நான் யாரைங்க அடிக்கப் போறேன்?"னு அழுதாங்க. நான் தொரைகிட்ட ஓடி, "தப்பு என்னுதுங்க. வேலையை நிறுத்துறதைத்தான் சொன்னாங்க"ன்னேன்.

தொரை அகராதியை விரிச்சார். மணி அடிக்கிறது, தீக்குச்சி கிழிக்கிறது, ஆளை அடிக்கிறது, வேலையை நிறுத்துறது, எல்லாத்துக்கும் 'ஸ்ட்ரைக்'ங்கிற அந்த ஒரே சொல்தான். தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் அக்காவை விட்டுட்டாங்க. என்னை ஆபீஸ்லேருந்து கொழுந்து நிறுக்குற இடத்துக்கு மாத்தியிருக்காங்க. வேலை போகலை. கூரைக்கும் புதுத் தகரம் வந்துருச்சு.

அடுத்தவங்க எழுதினதுக்குத்தான் நீங்க ஆயுசு முழுக்கக் கைநாட்டு வச்சீங்க. அதுல என்ன எழுதியிருக்கோங்கிற அந்தப் பயம் இப்பதான் எனக்குத் தெரியுது.

குளிர் அதிகம். பழைய கம்பளிச் சட்டையும் கொஞ்சம் வடகமும் அனுப்புங்க. தபால்காரர் நிக்கிறார், முடிக்கிறேன்.

இதை வாசிச்சுக் காட்டுற தங்கச்சிக்கு: அப்பா பதிலுக்குச் சொல்றதைத் திருத்தாம, அவர் வாயால வர்றபடியே எழுதும்மா.

சுந்தரலிங்கம்